பங்களா எங்கடா?

கலிபோர்னியாவில் பசடீனா ஊரில், 'பங்களா ஹெவன்' என்கிற பகுதியில் வீடு வாங்கியிருக்கிறோம் என்று போனில் சொன்னேன். அம்மா மதுரையில் தெரு முழுக்கத் 'தம்பி பங்களா வாங்கிட்டான்' என்று சொல்லிவிட்டார். அடுத்த வருஷம் இங்கே வந்து இறங்கியதும் வாசலில் நின்று பார்த்தார். "பங்களா எங்கடா?"

நம்மூர்ப் பங்களா என்றால் மாடி, போர்ட்டிகோ, கேட்டில் கூர்க்கா. முக்கியமாக ஒரு பேய். இங்கே பங்களா என்பது ஒரு தளமோ ஒன்றரைத் தளமோ உள்ள சின்ன மரவீடு. தாழ்ந்த கூரை, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் சட்டங்கள், முன்னால் அகலமான திண்ணை, அதைத் தாங்க ஆற்றுக் கல்லில் கட்டிய தூண்கள். பங்களா என்ற சொல்லே வங்காளத்துக் குடிசை வீட்டிலிருந்து வந்ததுதானே? அப்படிப் பார்த்தால் சொல்லின் அர்த்தத்துக்கு இவர்கள்தான் பக்கத்தில் இருக்கிறார்கள். அம்மாவிடம் இந்த விளக்கம் எடுபடவில்லை.

இந்தப் பகுதியில் 800க்கும் மேற்பட்ட வீடுகள் இருக்கின்றன, பெரும்பாலும் 1900-லிருந்து 1930-க்குள் கட்டியவை. எண்பதுகளில் ஒரு பழைய வீட்டை இடித்து அங்கே அபார்ட்மெண்ட் எழும்பியதும் அக்கம்பக்கத்தார் கூடிவிட்டார்கள். 1989-ல் நகராட்சி இதைப் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவித்தது. பசடீனாவில் இதுதான் முதல். வீட்டுக்குள்ளே என்ன வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். தெருவிலிருந்து தெரியும் ஜன்னலை மாற்றவோ திண்ணையை அடைத்து அறையாக்கவோ நினைத்தால் முதலில் அனுமதி வாங்க வேண்டும்.

எங்கள் வம்பு ஜன்னலில்தான் ஆரம்பித்தது. முன்னறை ஜன்னல், மேலும் கீழும் ஏற்றி இறக்குகிற வகை. தூக்கினால் நிற்காது, 'தடால்' என்று விழும். பார்க்க வந்த காண்ட்ராக்டர், "எல்லாத்தையும் கழட்டிட்டு பிளாஸ்டிக் ஜன்னல் போடலாம், ஒரே நாள் வேலை" என்றார். அனுமதி பற்றி அவர் வாயைத் திறக்கவே இல்லை. நல்ல வேளை, பக்கத்து வீட்டுக்காரர் எச்சரித்தார்.

அப்பா மதுரையில் மரக்கடை வைத்திருந்தவர். நிலையின் ஓரத்தில் விரலால் தட்டிக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் சத்தம் மாறியது. அங்கே பெயிண்டுக்கு அடியில் சின்ன மரத்துண்டு ஒன்று, திருகாணி போட்டு மூடியிருந்தது. அதைக் கழற்றிக் கையை விட்டால், சுவருக்குள் முழங்கை நீளத்துக்கு ஒரு இரும்புக் குண்டு. துருவேறி, அறுந்த கயிற்று நுனியோடு கிடந்தது. மேலே சின்னக் கப்பி. "கிணத்துச் சகடைடா இது" என்றார் அப்பா. ஜன்னல் சட்டத்துக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு குண்டு. இரண்டும் சேர்ந்தால் சட்டத்தின் எடை. அதனால்தான் ஒரு விரலால் தூக்கினாலும் நின்ற இடத்தில் நிற்கும்.

அப்புறம் சட்டத்தைச் சுரண்டிப் பார்த்தார். டக்ளஸ் ஃபர் மரம். நகத்தின் அகலத்துக்குள் அத்தனை வளையங்கள். "வைரம் பாஞ்ச மரம். இதைத் தூக்கிப் போட்டுட்டு பிளாஸ்டிக் வைக்கச் சொன்னானா அவன்?" அன்று முழுக்க அந்தக் காண்ட்ராக்டருக்கு மதுரைத் தமிழில் அர்ச்சனை நடந்தது.

ஆனால் அப்பாவும் ஒரு தப்புச் செய்தார். நைலான் கயிறு கட்டினார். ரெண்டே வாரத்தில் கயிறு நீண்டு, குண்டு அடியில் தட்டி, ஜன்னல் பாதிக்கு மேல் நிற்கவில்லை. பின்னல் போட்ட பருத்திக் கயிறு வாங்கி மறுபடி கட்டினோம். இன்றுவரை அசையவில்லை.

* * *

இந்தப் பகுதியில் ஏப்ரலில் வீடுகளைச் சுற்றிக் காட்டுவார்கள், டிக்கெட் உண்டு. நான் ஒரு தடவை போயிருக்கிறேன். சுவரோடு சேர்த்துச் செய்த பாத்திர அலமாரியைப் பார்த்ததும் என் மனைவி அங்கேயே நின்றுவிட்டாள். கடைசியில் பேய் உண்டா என்று வீட்டுக்காரம்மாவிடம் கேட்டேன். "கரையான் உண்டு" என்றார்.

* * *

இதைப் படித்த ஒருவர் எழுதியது: நாங்கள் உங்களுக்கு வடக்கே அல்டடீனாவில் வாடகைக்கு இருந்தோம். அதுவும் நூறு வயதை நெருங்கிய மரவீடு. 2025 ஜனவரி 7 ராத்திரி பாஸ்போர்ட், லேப்டாப், பிள்ளையின் ஸ்வெட்டர் மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பினோம். ஈட்டன் காட்டுத்தீயில் 9,000க்கும் மேற்பட்ட கட்டடங்கள் போயின. திரும்பிப் போனபோது எங்கள் வீட்டில் புகைபோக்கி மட்டும் நின்றது. மாஸ்க், கையுறை போட்டுக்கொண்டு சாம்பலைக் கிளறியதில் நீளநீளமாக ஆறு இரும்புத் துண்டுகள், ஒரு முனையில் ஓட்டையோடு. என்னவென்று தெரியாமலேயே எடுத்து வைத்திருந்தோம். உங்கள் அப்பா கதையைப் படித்த பிறகுதான் புரிகிறது, அண்ணா.

* * *

என் பதில்: அதேதான் தம்பி. ஓட்டை கயிறு கட்டுவதற்கு. சமையலறைத் தராசில் ஒவ்வொன்றாக எடை போட்டுப் பாருங்கள். ஒரே எடையில் இரண்டு வந்தால் அது ஒரு ஜன்னல் சட்டம்.