தானியேல் 9: எழுபது வாரக் கணக்கில் சபைகள் எங்கே பிரிகின்றன?

பரந்தன் வாசகன்:
இங்க இளைஞர் வேதப்படிப்புக்குக் கத்தோலிக்கர், தென்னிந்தியத் திருச்சபை, பெந்தெகொஸ்தே, அட்வென்டிஸ்ட் எல்லாரும் வருகினம். அடுத்தது தானியேல் 9:24-27: எருசலேமைத் திரும்பக் கட்டக் கட்டளை வாறதிலிருந்து அபிஷேகம் பண்ணப்பட்டவர் வரைக்கும் 7உம் 62உம் வாரம், பிறகு ஒருத்தர் வெட்டுண்டு நகரம் அழியும், கடைசி வாரத்தில ஒருத்தர் உடன்படிக்கையை உறுதிப்படுத்தி, பாதியில பலியை நிப்பாட்டுவார். ஒரு வாரம் ஏழு வருஷம், மொத்தம் 490 எண்டதில பிரச்சினையில்லை. அதுக்குப் பிறகு ஒராள் கி.மு. 457 எண்டுறார், மற்றவர் 445 எண்டுறார், இன்னொராள் கடைசி வாரம் இன்னும் வரேல்லை எண்டுறார். எதில தொடங்கிக் கதைக்கிறது?

வவுனியா வடக்கு:
தொடக்க வருஷத்தில. எஸ்றா 7இல உள்ள கட்டளை பாரசீக அரசன் அர்தசஷ்டாவின்ர 7ஆம் வருஷம், கி.மு. 457. அறுபத்தொன்பது வாரம் 483 வருஷம். அதில 457 போக 26. பூச்சிய வருஷம் இல்லாததால 1 கூட்டி கி.பி. 27, இயேசுவின்ர ஞானஸ்நானம். அட்வென்டிஸ்டுகள் தானியேல் 8:14இன்ர 2300 நாளையும் வருஷமாக எடுத்து, இதே 457இல தொடங்கித்தான் 1844க்கு வருகினம். அந்த 1ஐ மறந்தால் ரெண்டு கணக்கும் பிழைக்கும்.

நெகேமியா 2 எண்டால் 20ஆம் வருஷம், கி.மு. 445. நேராக் கூட்டினால் கி.பி. 39, சிலுவைக்கும் பிந்திப்போகும். அதால இந்த 445ஐ எடுத்த பிரித்தானிய எழுத்தாளர் சேர் றொபேட் அன்டர்சன் 360 நாள் வருஷம் எடுத்தார்: 483 × 360 = 173,880 நாள், சூரியக் கணக்கில ஏறத்தாழ 476 வருஷம், கி.பி. 32. வெளிப்படுத்தல் 11:2-3இல 42 மாதமும் 1260 நாளும் சேர்ந்து வாறதுதான் 360க்கு ஆதாரம். ஆனா யூதர் இடைக்கிடை ஒரு மாதம் கூட்டி நாட்காட்டியைச் சரிசெய்தவை. எனக்கு இது விடையைப் பார்த்துப் போட்ட கணக்கு மாதிரித்தான் கிடக்கு.

முருங்கன் கத்தோலிக்கன்:
எங்கட பக்கத்து விளக்கவுரைகள் பலதும், புரட்டஸ்தாந்து அறிஞர் பலரும், எருசலேம் ஆலயத்தைத் தீட்டுப்படுத்தின சிரிய அரசன் அந்தியோக்கு எப்பிபானைத்தான் பார்க்கினம். வெட்டுண்டவர் தலைமைக் குரு ஓனியா, ஏறத்தாழ கி.மு. 171. ஆலயம் தீட்டுப்பட்டது 167, திரும்பச் சுத்திகரிச்சது 164. கடைசி வாரமும் அதின்ர பாதியும் அழகாப் பொருந்தும். இடிக்கிறது நடுவில. எருசலேம் விழுந்த கி.மு. 587இலிருந்து யூதர் திரும்பிப்போக விடப்பட்ட 538 வரை 49, முதல் 7 வாரம் சரி. 538இலிருந்து 171க்கு 367தான், 62 வாரத்துக்கு வேண்டியது 434. 67 வருஷம் இடிக்கிறதால எண்களை அடையாளமாக எடுக்கினம். இதைச் சொல்லாமல் விட்டால் மற்றவை கேப்பினம்.

மாங்குளம் சந்தி:
கடைசி வாரம் வரேல்லை எண்டுறவை 69க்கும் 70க்கும் நடுவில இடைவெளி வைக்கினம். 19ஆம் நூற்றாண்டில டார்பி எண்ட போதகர் வளர்த்த முறை, 1909இல விளக்கக் குறிப்புகளோட வந்த ஸ்கோபீல்ட் வேதாகமத்தால பரவினது. வசனத்தில இடைவெளி எண்டு எழுதேல்லை. ஆனா 26ஆம் வசனத்தில சொல்லுற நகர அழிவு கி.பி. 70, சிலுவைக்குப் பிறகு ஏழு வருஷத்துக்குள்ள அது அடங்காது. அவையின்ர பலமான வாதம் அதுதான், லேசாத் தள்ளாதேங்கோ. 27இல உடன்படிக்கையை உறுதிப்படுத்துறவர் அவைக்கு அந்திக்கிறிஸ்து, 457காரருக்குக் கிறிஸ்து.

ஒண்டு மட்டும்: அந்தக் கடைசி வாரத்தில வரும் எண்டுற மகா உபத்திரவத்தைக் காட்டிப் பயப்படுத்த விடாதேங்கோ. 2009ஐக் கண்ட சனம் இருக்கிற இடம்.

பரந்தன் வாசகன்:
ஒன்றரை மணித்தியாலம் காணுமோ?

வவுனியா வடக்கு:
காணாது. முதல் நாள் 24, 25ஆம் வசனம் மட்டும். ஒவ்வொருத்தரும் தொடக்க வருஷம், இடைவெளி உண்டோ இல்லையோ, 27இல வாறவர் ஆர் எண்டு துண்டில எழுதித் தரட்டும். 27ஐ அடுத்த கிழமைக்கு விடுங்கோ.