குடும்பக் குழு: அயர்லாந்தில் தலைக்கு ஒரு லட்சம் டாலரா?

ராமசாமி பெரியப்பா: டிவியில் நாடுகளின் வருமானப் பட்டியல் ஒன்றைக் காட்டினார்கள். அயர்லாந்தில் தலைக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் டாலருக்கு மேலாம். ஜெர்மனி, ஜப்பான் எல்லாம் அதற்குக் கீழே. நமக்கு மூவாயிரம்கூட இல்லை. செல்வி, யோசிக்காமல் உன் பையன் கார்த்தியைப் படிக்க அந்த நாட்டுத் தலைநகர் டப்ளினுக்கே அனுப்பு. இரண்டு வருடத்தில் படிப்புக் கடனை அடைத்துவிடுவான்.

செல்வி அத்தை: எனக்கும் ஆசைதான் அண்ணா. பேங்கில் வீட்டுப் பத்திரம் கேட்கிறார்கள், அதுதான் பயமாக இருக்கிறது. முகிலா, நீ அங்கேதானே இருக்கிறாய், சொல்லுப்பா.

முகிலன் டப்ளின்: அத்தை, அந்த ஒரு லட்சம் டாலர் இங்கே குடும்பங்களின் கைக்கு வருகிற பணம் இல்லை. வரி குறைவு என்பதால் பெரிய அமெரிக்கக் கம்பெனிகள் தங்கள் லாபத்தை இங்கே கணக்குக் காட்டுகின்றன. மருந்து, சாஃப்ட்வேர் காப்புரிமை எல்லாம் காகிதத்தில் அயர்லாந்து முகவரியில் இருக்கும். நாட்டின் மொத்த உற்பத்தியில் அதையும் சேர்த்து ஆட்களின் எண்ணிக்கையால் வகுத்துவிடுகிறார்கள்.

கவிதா: நான் வகுப்பில் சொல்கிற உதாரணமே இதுதான் பெரியப்பா. 2015ல் அயர்லாந்தின் பொருளாதாரம் ஒரே வருடத்தில் 26 சதவீதம் வளர்ந்ததாகக் கணக்கு வந்தது. மக்களின் சம்பளம் அப்படி ஏறவில்லை. சில கம்பெனிகள் தங்கள் சொத்தை அங்கே மாற்றிக் காட்டியதுதான் முக்கியக் காரணம். பிறகு அந்த நாட்டுப் புள்ளியியல் அலுவலகமே இதையெல்லாம் கழித்து 2017 முதல் வேறொரு கணக்கும் வெளியிடுகிறது. அது பழையதில் பாதியைவிடக் கொஞ்சம்தான் அதிகம்.

ராமசாமி பெரியப்பா: பாதி என்றாலும் ஐம்பதாயிரம் டாலர் அம்மா. நம்மைவிடப் பல மடங்கு அல்லவா?

கவிதா: வருமானம் பல மடங்குதான், விலையையும் பார்க்க வேண்டும். உலக வங்கி அதற்காகவே நாடு நாடாக விலைகளைச் சேகரிக்கிறது. 2017 கணக்கெடுப்பில், அமெரிக்காவில் ஒரு டாலருக்குக் கிடைப்பதை இந்தியாவில் 20.65 ரூபாய்க்கு வாங்கலாம் என்று வந்தது. அப்போது சந்தையில் டாலர் 65 ரூபாய். அயர்லாந்தில் தலைகீழ். 2023ல் ஐரோப்பிய ஒன்றியச் சராசரியைவிட அங்கே விலைவாசி ஏறத்தாழ 40 சதவீதம் அதிகம். ஒரு குடும்பம் உண்மையில் வாங்கி அனுபவிப்பதை வைத்துப் பார்த்தால் அயர்லாந்து ஐரோப்பியச் சராசரியை ஒட்டித்தான் நிற்கிறது.

செல்வி அத்தை: சராசரி இருக்கட்டும் கவிதா. மாதம் எவ்வளவு மிஞ்சும்?

முகிலன் டப்ளின்: படிக்கும்போது மிஞ்சாது அத்தை. மாணவர் விசாவில் கல்லூரி நடக்கும் நாட்களில் வாரம் 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம். 2025ல் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 13.50 யூரோ. மாதம் 1,100 யூரோவுக்குக் கொஞ்சம் மேல் வரும். டப்ளினில் ஓர் அறைக்கே 800, 900 போய்விடும். டாக்டரைப் பார்த்தால் 60, 70.

முகிலன் டப்ளின்: மாஸ்டர்ஸ் முடித்தவர்கள் வேலை தேட இரண்டு வருடம் வரை தங்கலாம். நல்ல வேலை அமைந்தால் கடன் அடையும். ஆனால் சம்பளத்தை நூறால் பெருக்கி ரூபாயாக்கிப் பார்க்க வேண்டாம். வாடகை, சாப்பாடு போக மிஞ்சுவதை மட்டும் பெருக்குங்கள். செலவெல்லாம் இந்த ஊர் விலையில், மிச்சம் மட்டும்தான் நம் ஊர் ரூபாயில்.

ராமசாமி பெரியப்பா: அப்படியானால் அது பணக்கார நாடே இல்லை என்கிறாயா?

முகிலன் டப்ளின்: இல்லை பெரியப்பா, வாழ்க்கை நன்றாகவே இருக்கிறது. ஹோட்டலில் பாத்திரம் கழுவுகிறவருக்கும் சட்டப்படி அதே குறைந்தபட்சக் கூலி, வருடத்துக்கு நான்கு வாரம் சம்பளத்தோடு விடுமுறை. அவரும் மேனேஜரும் ஒருவரையொருவர் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். தலைக்கு இத்தனை டாலர் என்கிற பட்டியலில் இது வராது, எனக்கு இதுதான் பெரிது. வீடுதான் கஷ்டம். என்னோடு வேலை பார்க்கிற ஐரிஷ்காரர் முப்பது தாண்டியும் அப்பா அம்மாவோடுதான் இருக்கிறார், வாடகை கட்டுப்படியாகவில்லை.

ராமசாமி பெரியப்பா: சம்பளம் வாங்குகிற உள்ளூர்ப் பையனுக்கே இந்த நிலைமையா!

கார்த்தி: அண்ணா, டப்ளின் இல்லாமல் கார்க், லிமரிக் என்றால்?

முகிலன் டப்ளின்: வாடகை குறையும் தம்பி. அறை கிடைப்பது அங்கும் சுலபமில்லை. எந்த ஊர் என்றாலும் கட்டணத்தை மட்டும் வைத்துக் கடன் தொகையை முடிவு செய்யாதே, முதல் வருட வாடகையையும் சேர்த்துக்கொள்.

செல்வி அத்தை: முகிலா, அறை வாடகை, மளிகை, பஸ் எல்லாம் தனித்தனியாக எழுதி இங்கேயே போடு. அண்ணா, ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வாருங்கள். கவிதா, நீயும் வா. உட்கார்ந்து கணக்குப் பார்த்துவிட்டு அப்புறம் பத்திரத்தைக் கொடுப்போம்.

ராமசாமி பெரியப்பா: வருகிறேன் செல்வி. அதற்குள் வட்டி எத்தனை சதவீதம், படிக்கும் காலத்திலும் கட்ட வேண்டுமா என்று பேங்கில் கேட்டு வை.