ஆர்எக்ஸ் 100 ஹெட் கேஸ்கட்: மாட்டும் முன் உங்கள் யோசனை தேவை

வணக்கம் நண்பர்களே. அப்பா 1991-இல் வாங்கிய யமஹா ஆர்எக்ஸ் 100 பைக் இப்போது என் கையில். இரண்டு வாரமாக ஏற்றத்தில் இழுவை இல்லை. சிலிண்டரின் மேல்மூடியான ஹெட்டுக்குக் கீழே 'டிஸ் டிஸ்' என்று காற்றுச் சத்தம். சோப்புத் தண்ணீர் தடவிக் கிக்கரை மிதித்தேன். ப்ளக் பக்கம் ஒன்றுமில்லை, பின்பக்க இணைப்பில் நுரை கட்டியது.

ஹெட்டைக் கழற்றிவிட்டேன், நான்கே நட்டுகள்தானே. ஹெட்டுக்கும் சிலிண்டருக்கும் நடுவே கசிவை அடைக்கும் பழைய கேஸ்கட்டில், பின்மூலை ஸ்டட்டை (நட்டு ஏறும் திருகுக் கம்பி) ஒட்டி விரல்நக அகலத்துக்குக் கரி ஓடிய தடம். கண்ணாடிப் பலகையில் 400 நம்பர் எமரித் தாளை ஒட்டி, எண்ணெய் விட்டு, எட்டுப் போடுவது போல ஹெட்டைத் தேய்த்தேன். மற்ற இடமெல்லாம் பளபளக்கிறது, அந்த மூலை மட்டும் இன்னும் கருப்பாகவே நிற்கிறது. அது மறையும்வரை தேய்க்கலாமா? உலோகம் குறைந்தால் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் வாயு அழுத்தப்படும் அளவு) ஏறி நாக்கிங் (என்ஜினுக்குள் தட்டும் சத்தம்) வருமோ என்று பயமாக இருக்கிறது.

அப்புறம், புது கேஸ்கட்டை வெறுமனே வைப்பதா, பசை தடவுவதா? தெரிந்த மெக்கானிக் அண்ணன் சிலிகான் தடவச் சொல்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. அவ்வளவு சூட்டில் பிய்ந்து சிலிண்டருக்குள் விழுந்தால்?

நட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாக, மூன்று சுற்றில் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கப் போகிறேன். சரியான டார்க் அளவு, அதாவது எவ்வளவு விசையில் முறுக்குவது என்பது வேண்டும். சர்வீஸ் மேனுவல் வைத்திருப்பவர்கள் அந்தப் பக்கத்தை மட்டும் படமெடுத்துப் போடுங்களேன். என்ஜின் சூடாகி ஆறிய பிறகு மறுபடி முறுக்க வேண்டுமா என்பதையும் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை அப்பாவைப் பின்னால் உட்கார வைத்து ஓட்டிவிட வேண்டும்.