பூட்டிய வீட்டுக் காரும் பின் டிரம் பிரேக் சத்தமும்: உங்கள் அனுபவம் என்ன?

கானாடுகாத்தான்காரர்:

ஊர் வீட்டில் ஒரு பழைய கார் நிற்கிறது. வருஷத்தில் முக்கால்வாசி நாள் அது பின்வாசல் ஷெட்டை விட்டு வெளியே வராது. ஐப்பசி கார்த்திகை மழையெல்லாம் ஓய்ந்து, பிள்ளையார் நோன்புக்குப் போய் வண்டியை எடுத்தால் ஸ்டார்ட் ஆகிறது, கியர் விழுகிறது, நகரத்தான் மாட்டேன் என்கிறது. இன்னும் கொஞ்சம் ஆக்சிலரேட்டரை அழுத்தியதும் பின்னால் ‘டங்’ என்று ஒரு சத்தம். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் அச்சு முறிந்துவிட்டது என்றே நினைத்து ஓடி வந்தார்.

முறியவில்லை. கடைசியாக ஓட்டிய மாப்பிள்ளை ஹேண்ட் பிரேக்கை இழுத்து வைத்துவிட்டுச் சென்னைக்குப் போய்விட்டார். பின் சக்கரத்தோடு சுற்றும் பிரேக் டிரம் வார்ப்பிரும்பு. ஈரம் பட்டால் ஒரே ராத்திரியில் துரு படரும். ஹேண்ட் பிரேக்கை இழுத்தால் டிரம்முக்குள் விரியும் ஷூ அதை அழுத்திப் பிடித்தபடி மழைக்காலம் முழுக்க இருந்தால் இரண்டும் ஒட்டிக்கொள்ளாமல் என்ன செய்யும்?

வண்டி நகர்ந்த பிறகும் சக்கரம் சுற்றுகிற தாளத்துக்கு ‘சரக்... சரக்’ என்று உரசல். முதலில் காட்டிய ஒர்க்‌ஷாப்பில் கழற்றிப் பார்க்காமலேயே டிரம், ஷூ, சிலிண்டர் எல்லாம் செட்டாக மாற்றணும் என்றார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. வேறொரு பட்டறைக்குக் கொண்டுபோனோம். அங்கே இருந்த அண்ணன் டிரம்மைச் சுத்தியலால் தட்டிப் பார்த்தார், அசையவில்லை. டிரம் முகப்பில் மரை போட்ட இரண்டு சின்ன ஓட்டைகள் இருக்கும். அவற்றில் போல்ட்டைப் போட்டு மாற்றி மாற்றி முறுக்கினார். டிரம் தானாக வெளியே தள்ளிக்கொண்டு வந்தது.

உள்ளே செங்கல் பொடி மாதிரி துரு. ஷூ தேய்த்த இடம் பரவாயில்லை. ஷூ படாத ஓரத்தில்தான் துரு வரப்பு கட்டி நின்றது, உரசியது அதுதான். அவர் தூசியை ஊதவில்லை, ஈரத்துணியால் துடைத்தெடுத்தார். ஷூவின்மேல் ஒட்டியிருக்கும் உராய்வுப் பட்டைதான் லைனர். பழைய லைனர்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், மூச்சில் போகக்கூடாது. வரப்பை லேத்தில் எடுத்து, டிரம்மின் உள்விட்டத்தை அளந்து, டிரம்மிலேயே வார்த்திருக்கும் உச்ச அளவோடு ஒப்பிட்டார். தாண்டவில்லை. லைனர் ஷூவை விட்டுப் பெயர்ந்திருக்கிறதா என்று நகத்தால் நெம்பியும் பார்த்தார். ஒட்டிய ஷூவை இழுத்துப் பிய்த்தால் லைனரே கழன்று வருவதுண்டாம். துருவேறிய ஸ்பிரிங்குகளை மட்டும் மாற்றினோம். டிரம்முக்குப் பின்னால் இருக்கும் தகட்டில், அதாவது பேக் பிளேட்டில், ஷூ உட்காரும் மேடுகளில் சூடு தாங்கும் கிரீஸ் ஒரு துளி. சத்தம் போயே போச்சு.

தேவகோட்டைக்காரர்:

காலையில் முதல் நாலைந்து பிரேக்குக்கு மட்டும் கரகரவென்று சத்தம் வந்து நின்றுவிட்டால் பட்டறைக்கே போகவேண்டாம் அண்ணே. அது மேல்துரு, ஷூவே தேய்த்து எடுத்துவிடும். எங்கள் அம்மான் இதற்குப் போய்த் தையல் மிஷின் எண்ணெயை டிரம் இடுக்கில் விட்டார். சத்தம் நின்றது, பிரேக்கும் நின்றது! எண்ணெய் குடித்த லைனரைத் தூக்கித்தான் போடவேண்டி வந்தது.

பள்ளத்தூர்க்காரர்:

சத்தத்தை மட்டும் பார்க்காதீர்கள். எங்கள் வண்டியில் பின் டயரின் உள்பக்கம் ஈரமாக இருந்தது. மழைத்தண்ணீர் என்று விட்டிருப்போம், தொட்டால் வழவழப்பு. பிரேக் ஆயிலின் அழுத்தத்தால் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரில் கசிவு. பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும் ஜாதி. நிற்கிற வண்டியில் அந்த ஈரம் சிலிண்டரை உள்ளிருந்தே அரிக்கும், அப்புறம் ஆயிலை அடைத்து நிற்கும் ரப்பர் கப் தாங்காது. பெடல் இறங்குகிற மாதிரி இருந்தால் ஓட்டிக்கொண்டு போகாமல் மெக்கானிக்கை வீட்டுக்கு வரச்சொல்லுங்கள். ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஆயிலை மாற்றுவது நல்லது.

காரைக்குடிக்காரர்:

அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948-ல் நேரு அடிக்கல் நாட்டிய மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் நம்ம ஊரில்தான். இரும்பு அரிப்பு அங்கே பெரிய ஆராய்ச்சி. ஊர்க்காரர்கள் நாம் ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு ரயிலேறிவிடுகிறோம்!

சமதரையில் நிறுத்துங்கள், முதல் கியரில் போடுங்கள், சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள், ஹேண்ட் பிரேக்கை விட்டுவிடுங்கள். வண்டியைக் கழுவிய கையோடு ஷெட்டில் விடாதீர்கள். தெருவில் ஒரு சுற்று போய், லேசாக பிரேக் பிடித்து டிரம்மைக் காயவைத்துவிட்டு விடுங்கள்.

கொத்தமங்கலத்துக்காரர்:

எங்களுடையது ஆட்டோமேட்டிக். அதற்கு என்ன செய்வது?

காரைக்குடிக்காரர்:

பார்க்கில் போட்டுக் கட்டை வையுங்கள். ஆனால் முதலில் கட்டை, அப்புறம் பார்க். இல்லையென்றால் வண்டி லேசாக உருண்டு பாரமெல்லாம் கியர்பாக்ஸ் பூட்டில் போய் உட்காரும்.