செர்பியாவில் ஷ்லிவோவிட்ஸா: மறக்க முடியாத ஒரு தடவை

வால்யேவோ வாசி

கல்யாணம், ஸ்லாவா (குடும்பப் புனிதரின் திருநாள்) என்று ஷ்லிவோவிட்ஸா, அதாவது பிளம் சாராயம், குடித்த கதை எல்லாரிடமும் இருக்கும். என் மனசை உறுத்துவது ஒரு சாவு.

நான் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரருடைய அம்மா தவறிவிட்டார். வால்யேவோ பக்கத்துக் கிராமம். அடக்கம் முடிந்து வெளியே வந்தால் ஒருவர் தட்டோடு நிற்கிறார். சர்க்கரை போட்டுப் பிசைந்த கோதுமை ஒரு கரண்டி, அப்புறம் சோக்கான் என்கிற கழுத்து நீண்ட சின்னக் குப்பியில் ஷ்லிவோவிட்ஸா. ஆறு மாதமாகப் பழகிய கை. பக்கத்துப் பெரியவரின் சோக்கானில் என்னுடையதை மோதி "ஷீவெலி" என்றேன். வாழ்வோம் என்று அர்த்தம்! குழி மண் இன்னும் ஈரமாக இருந்தது.

அவர் திட்டவில்லை. கையை மெல்லப் பின்னுக்கு இழுத்து, சோக்கானைச் சாய்த்து நாலு சொட்டு தரையில் விட்டார். "ஆண்டவர் அவள் ஆத்மாவை மன்னிக்கட்டும்" என்று முணுமுணுத்துவிட்டுக் குடித்தார். அந்தக் 'கிண்' சத்தம் இன்னும் காதிலேயே இருக்கிறது.

பிளம் தோட்டம்

விடுங்கள், உங்களிடம் யாராவது முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும்.

நான் செய்ததுதான் பெரிய தப்பு. ஷுமாதியாவில் நண்பன் வீட்டில் காய்ச்சும் நாள். வாரக்கணக்கில் புளித்த பிளம் கூழை, கஸான் என்கிற செம்புக் கொப்பரையில் கொட்டி, மூடி இடுக்கில் மாவு பிசைந்து அப்பியிருந்தார்கள். கொதி வரும்வரை கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும், அடிப்பிடித்தால் அந்த வாடை கடைசிச் சொட்டுவரை போகாது. அந்த வேலையை என்னிடம் நம்பிக் கொடுத்தார்கள். நான் போட்டோ எடுக்கக் கையை எடுத்தேன். பாட்டி ஓடிவந்து பிடியைப் பிடித்தார். இரண்டாம் தடவை காய்ச்சி 'ப்ரெபெக்' ஆக்கும்போதும் என்னை அண்டவிடவில்லை. ஒரு வருட உழைப்பு அது, இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

ஊர் திரும்பியவன்

'யாராவது சொல்லியிருக்க வேண்டும்' என்பதை ஏற்க மாட்டேன். துக்க வீட்டில் பக்கத்தில் இருப்பவர் செய்வதைப் பார்த்துத்தான் நாம் செய்ய வேண்டும். நம் ஊரிலும் அப்படித்தானே?

என் கதை சின்னது. வீட்டுக்கார அம்மா தண்ணீர் பாட்டிலில் ஊற்றிக் கொடுத்த பழைய ராக்கியாவை (பழச் சாராயம்) விமான நிலையத்தில் குப்பையில் போட்டார்கள். மகன் பிறந்த வருடம் காய்ச்சியதாம்.

அதனால் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். வீட்டில் காய்ச்சியதைக் கொண்டுவர ஆசைப்படாதீர்கள். கடையில் விற்கும் மூடி உடைக்காத பாட்டிலாக இருந்தால்தான் பெட்டியில் வைக்க விடுவார்கள். 70 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் உள்ளதை எந்தப் பெட்டியிலும் வைக்கக் கூடாது. இந்தியாவுக்குள் தீர்வையில்லாமல் ஆளுக்கு 2 லிட்டர்தான். பாட்டிலைத் துணியில் சுற்றி, பெட்டியின் நடுவில் வையுங்கள். இன்னொன்று, முதலில் வடியும் 'தலை'யைக் கொட்டாமல் சேர்க்கிறவர்களிடம் வாங்கவே வாங்காதீர்கள். அப்புறம், வெறும் வயிற்றில் குடிக்காதீர்கள். காலையில் ஒரு மடக்கு மருந்து என்று அங்கே பெரியவர்கள் சொல்வார்கள், அவர்கள் பழகிய உடம்பு வேறு. 2022இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்ததும் வெறும் சாராயத்தை அல்ல, அதைக் காய்ச்சுகிற, பகிர்கிற பழக்கத்தையும் அறிவையும்தான்.

வால்யேவோ வாசி

நீங்கள் சொல்வது சரி, பார்த்திருக்க வேண்டும். பாட்டில் கொண்டுவருவது பற்றி நான் கேட்கவில்லை, இருந்தாலும் நன்றி.

ஒன்று சொல்ல விட்டுப்போச்சு. அந்த அம்மா இறந்த நாற்பதாம் நாளுக்கு வீட்டுக்காரர் என்னையும் கூப்பிட்டார். அதே கோதுமை, அதே சோக்கான். அந்தப் பெரியவர் என் எதிரில் நின்றார். நான் நாலு சொட்டு மண்ணில் விட்டேன். அவர் தலையை லேசாக அசைத்துவிட்டு, எனக்கு இன்னொரு கரண்டி கோதுமையை எடுத்து நீட்டினார்.