மறுமொழி: ‘ஆக்கிரமிப்பு ஓட்டம்’ வேண்டாம், இரண்டு சொல் தேவை

எல்லோருக்கும் வணக்கம்.

பேஸ்போலைப் போன்ற சொப்ட்போலுக்கு (softball) நாங்கள் தமிழில் எழுதும் விதிக் கையேட்டில், ‘aggressive baserunning’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு ரீச்சர் முன்வைத்த ‘ஆக்கிரமிப்பு ஓட்டம்’ என்ற சொல்லை நாங்கள் எடுக்கக் கூடாது. கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ அந்தச் சொல்லைக் கேட்கிற பிள்ளைக்கு ஆக்கிரமிக்கப்பட்ட காணிதான் நினைவுக்கு வரும். ‘ஆக்கிரமித்து ஓடு’ என்று ஒரு பயிற்றுநர் பதின்மூன்று வயதுப் பிள்ளையைப் பார்த்துக் கத்துவதை என்னால் நினைத்தே பார்க்க முடியவில்லை. அண்ணை எழுதிய ‘ஆவேச ஓட்டம்’ பரவாயில்லை, ஆனால் அதில் கோபம் இருக்கிறது.

ஆங்கிலத்தில் அந்த ஒரே சொல்லுக்குள் இரண்டு வேறு செயல்கள் கிடக்கின்றன. வீசுபவரின் கையை விட்டுப் பந்து போன கணமே தரிப்பை (base, ஓடுபவர் தொட்டு நிற்கும் இடம்) விட்டுப் பாய்வது, எறி கொஞ்சம் விலகியதும் அடுத்த தரிப்புக்கும் ஓடிவிடுவது, வேகம் குறைக்காமல் முதல் தரிப்பைக் கடப்பது எல்லாம் திறமை. பந்தோடு காத்து நிற்கிற பிள்ளையைத் தோளால் இடித்து விழுத்துவது குற்றம். நிமிர்ந்தபடியே போய் அப்படி மோதினால் சொப்ட்போலில் ஓடினவர் ஆட்டமிழப்பார். வேண்டுமென்று முரட்டுத்தனமாக மோதினால் ஆட்டத்தை விட்டே வெளியேற்றலாம். இரண்டையும் ஒரே சொல்லால் பாராட்டினால் பிள்ளைக்கு எது விளங்கும்?

எனவே முதலாவதுக்குத் ‘துணிவோட்டம்’, இரண்டாவதுக்கு ‘முட்டோட்டம்’ என்று முன்வைக்கிறேன். முட்டுதல் எல்லோர் வாயிலும் உள்ள சொல், நடுவர் தூரத்திலிருந்து கூப்பிட்டாலும் கேட்கும். எல்லைக்கு வெளியே நின்று ‘இடிச்சுக்கொண்டு போ’ என்று கத்துகிற பெரியவர்களுக்கும் இந்த வேறுபாட்டைச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

வளர்ந்தவர்களின் பேஸ்போலிலேயே இது மெதுவாகத்தான் மாறியது. 2011இல் பஸ்டர் போசி என்ற பிடிப்பாளரின் (catcher) கால் மனைத் தரிப்பில் (home plate, ஓட்டம் முடியும் இடம்) நடந்த மோதலில் உடைந்தது; அமெரிக்க மேஜர் லீக்கில் அத்தகைய மோதலைக் கட்டுப்படுத்தும் விதி 2014இல் வந்தது. 2015இல் இரண்டாம் தரிப்பில் ரூபன் தெஹாடாவின் கால் உடைந்தது. அடுத்த ஆண்டே தரிப்புக்குச் சறுக்கிப் போவதற்கும் விதி வந்தது. எங்கள் பிள்ளைகளுக்கு அந்த விதிகளை முதல் நாளிலேயே சொல்லிவிடலாம்.

சிறுவர் ஆட்டங்களுக்குச் ‘சறுக்கு அல்லது விலகு’ என்று எழுதுவோம். பந்தோடு ஒருவர் காத்து நின்றால் ஓடுபவர் சறுக்க வேண்டும், இல்லாவிட்டால் சுற்றிப் போகப் பார்க்க வேண்டும். சறுக்கியே ஆக வேண்டும் என்று எங்கும் எழுதிவிடாதீர்கள். எங்கள் மைதானங்கள் பல கிரவல் நிலம், தொடை உரிந்துவிடும். தலையை முன்னால் கொடுத்துச் சறுக்குவதைக் கையேட்டில் நேரடியாகவே தடை செய்வோம். சுற்றிப் போவதற்கும் அளவு உண்டு: பந்து வைத்திருப்பவரின் தொடுகையைத் (tag) தவிர்க்கத் தன் ஓட்டப் பாதையிலிருந்து மூன்று அடிக்கு மேல் விலகினால் ஆட்டமிழப்பு.

எல்லே (தடியால் பந்தை அடித்து ஓடும் இலங்கை விளையாட்டு) விளையாடி வந்த பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு பந்தி எழுத வேண்டும். எல்லேயில் ஓடுகிறவர் மேல் பந்தை எறிந்து ஆட்டமிழக்கச் செய்யலாம். சொப்ட்போலில் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு தொட வேண்டும். சொப்ட்போலை ‘மென்பந்து’ என்று மொழிபெயர்த்தால் இங்கே ரெனிஸ் பந்துக் கிரிக்கெட் என்றுதான் எல்லோரும் எடுப்பார்கள். ரெனிஸ் பந்து 60 கிராம்கூட வராது. சொப்ட்போல் பந்து ஏறத்தாழ 180 முதல் 200 கிராம் வரை, கிரிக்கெட் பந்தைவிடப் பாரம். பழைய பழக்கத்தில் ஒரு பிள்ளை அதை இன்னொரு பிள்ளையின் முதுகுக்கு எறிந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். ஆகவே விளையாட்டின் பெயராக ‘மென்பந்து’ வேண்டவே வேண்டாம், சொப்ட்போல் என்றே இருக்கட்டும்.

சரி, மற்றச் சொற்களுக்கு வருகிறேன். ‘தளம்’ என்பதைவிடத் ‘தரிப்பு’ எனக்குப் பிடித்திருக்கிறது. பஸ் தரிப்பிடம் தெரிந்த பிள்ளைக்கு விளக்கம் தேவையில்லை. முதல் தரிப்பில் வெள்ளையும் செம்மஞ்சளுமாகப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பதை ‘இரட்டைத் தரிப்பு’ எனலாம். பந்து பிடிப்பவருக்கு வெள்ளை, ஓடி வருபவருக்கு செம்மஞ்சள். இருவரும் ஒரே இடத்தில் மிதிக்காததால் கணுக்கால் தப்பும்.

காப்பவர் கையில் பந்து இல்லாமலே ஓடுபவரின் வழியை மறித்து நிற்பதற்கு அண்ணை ‘தடங்கல்’ என்றார். நான் ‘வெறுங்கை மறிப்பு’ என்பேன். தாச்சி (கிளித்தட்டு) மறித்து வளர்ந்த பிள்ளைகளுக்கு மறிப்பது குற்றம் என்று வெறுமனே சொன்னால் குழம்பும். தாச்சியில் மறிப்பதுதானே வேலை. ‘வெறுங்கை’ என்ற அடைமொழி இருந்தால் எப்போது குற்றம் என்பது சொல்லிலேயே வந்துவிடும். முட்டோட்டம் ஓடுபவரின் குற்றம், வெறுங்கை மறிப்பு காப்பவரின் குற்றம். இரண்டையும் ஒரே பக்கத்தில் அச்சிடுவோம்.

‘தொடுகை’ பற்றித்தான் இன்னும் யோசிக்கிறேன். கிளித்தட்டில் ‘அடித்தல்’ என்றாலே தொடுவதுதான், பிள்ளைகள் அதைத்தான் சொல்லப் போகிறார்கள். ஆனால் கையில் அவ்வளவு பாரமான பந்து இருக்கும்போது ‘அடி’ என்று நாங்கள் எழுதிக் கொடுக்க முடியாது. இதைவிடச் சுருக்கமாக, கத்தக்கூடிய சொல் யாரிடமாவது இருந்தால் கையேடு அச்சுக்குப் போகுமுன் எழுதுங்கள்.