தோற்றுக்கொண்டே இருந்த சீசனில் உங்கள் கோச் என்ன செய்தார்?

முன்னாள் பாயின்ட் கார்டு

14 வயதுக்குட்பட்டோர் கூடைப்பந்து அணியில், பந்தை முன்னே கொண்டுபோகும் பாயின்ட் கார்டாக நான் ஆடிய வருடம், எங்களுக்கு வெற்றி என்று ஒன்று இருந்ததாகவே நினைவில்லை. தோற்கிற விதமும் எல்லா மேட்சிலும் ஒன்றுதான். எதிரணி ஃபுல் கோர்ட் பிரஸ் போடும், அதாவது எங்கள் பக்கத்திலிருந்தே கோர்ட் முழுக்க நெருக்கித் தடுக்கும். எங்கள் கூடைக்கு அடியிலிருந்து பந்தை உள்ளே போடுவோம். வாங்கியவன் பயந்துபோய்த் தலையைக் குனிந்துகொண்டு பந்தைத் தட்டித் தட்டி டிரிபிள் செய்வான். இரண்டு பேர் வந்து மடக்குவார்கள். பந்து போய்விடும், கூடைக்குப் பக்கத்திலிருந்தே சுலபமாக லே-அப் விழும். மறுபடி பந்தை உள்ளே போடுவோம். சில குவார்ட்டர்களில் பாதிக் கோட்டைத் தாண்டியதே அபூர்வம்.

கோச் முதலில் உண்மையைச் சொல்லிவிட்டார். "இவங்க எல்லாம் உங்களவிட ஒரு தலை உயரம். இந்த சீசன்ல ஜெயிக்கிறது கஷ்டம்தான். ஆனா விதிப்படி எட்டு செகண்டுல பாதிக் கோட்டைத் தாண்டறதுக்கு உயரம் வேணாம். அத நான் சொல்லித் தரேன்."

அதற்கப்புறம் பயிற்சியில் பெரும்பாதி நேரம் இது ஒன்றுதான். பந்து ஐந்து பேரிடம், தடுக்க ஏழு பேர். டிரிபிள் கிடையாது. வாங்கியதும் இரண்டு காலையும் ஊன்றி நிற்க வேண்டும். பிவட் செய்து, அதாவது ஒரு காலை ஊன்றியபடியே சுழன்று, முன்பக்கம் திரும்ப வேண்டும். நடுவில் ஓடி வருபவனைப் பார்க்க வேண்டும். அவன் கிடைக்காவிட்டால் பின்னால் நிற்பவனுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஆரம்பத்தில் கண்றாவியாக இருந்தது. ஆனால் ஏழு பேருக்கு நடுவில் பழகியவனுக்கு, மேட்சில் ஐந்தே பேர் வரும்போது கோர்ட் திடீரென்று பெரிதாகத் தெரியும்.

மேட்ச் நடக்கும்போது பெஞ்சில் தனியாக ஒரு கணக்கு ஓடும். எத்தனை தடவை தாண்டினோம், எத்தனை தடவை விட்டோம் என்று மாற்று ஆட்டக்காரன் ஒருவன் நோட்டில் கோடு போடுவான். அந்தக் கணக்கில் கோச் மகா கறார். முப்பது புள்ளி பின்தங்கியிருந்தாலும் நடுவில் ஓடி வராமல் நின்றவனுக்கு அர்ச்சனை விழும். அதே சமயம் எங்கள் அணியின் பொடியன் ஒரு மேட்சில் அடுத்தடுத்து பந்தைப் பறிகொடுத்தான். வெளியே எடுத்துவிடுவார் என்று அவனே பெஞ்சைப் பார்த்தான். கோச் எடுக்கவில்லை. இன்னொருவனை அவன் பக்கத்தில் போய் நிற்கச் சொல்லி, இரண்டாவது பாஸ் யாருக்கு என்று மட்டும் கத்தினார். ஏன் எடுக்கவில்லை என்று அப்புறம் நாங்கள் கேட்டதற்கு, "இப்ப எடுத்தா அவனுக்குப் பந்துன்னாலே பயம் வந்துடும்டா" என்றார்.

மேட்ச் முடிந்த கையோடு பேச்சே கிடையாது. "கை குடுத்துட்டு வாங்க, தண்ணி குடிங்க, பையை எடுங்க." மற்றதெல்லாம் அடுத்த பயிற்சியில்தான்.

சும்மா படிக்க வந்தவன்

எங்கள் கோச் நேர் எதிர். "ஸ்கோர்போர்டைப் பாக்காதீங்க" என்பார். நாங்கள் பார்த்தோம். பார்க்காமல் எப்படி இருக்க முடியும்? நாற்பது புள்ளி வித்தியாசத்தில் வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தால், "அருமையா ஆடினீங்க கண்ணுங்களா" என்பார். நல்ல மனுஷர், குறை சொல்ல மனசு வரவில்லை. ஆனால் அந்த வருடக் கடைசியில் நான் நிஜமாகவே நன்றாக ஆடிய மேட்ச் ஒன்று இருந்தது. அதற்கும் அதே வார்த்தையைத்தான் சொன்னார். பாராட்டில் நம்பிக்கையே போய்விட்டது.

முன்னாள் பாயின்ட் கார்டு

புரிகிறது. எங்கள் கோச் அந்த நோட்டைத்தான் காட்டுவார். "போன மேட்ச்ல இவ்வளவு, இந்த மேட்ச்ல இவ்வளவு" என்பார். ஏறியிருந்தால் ஏறியிருக்கும், இறங்கியிருந்தால் அதையும் சொல்லிவிடுவார். ஆறுதல் என்று எதுவும் சொன்னதில்லை.

ஓடி ஓடிக் களைத்தவன்

நீங்கள் இருவருமே கொடுத்துவைத்தவர்கள். எத்தனை புள்ளியில் தோற்றோமோ அத்தனை தடவை கோட்டுக்குக் கோடு ஓட வேண்டும் என்பது எங்களுக்கு வாய்த்தவரின் சட்டம். முப்பதுக்கு மேல் தோற்றுவிட்டு வந்த நாட்களைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அதனால் நடந்தது என்ன தெரியுமா? கடைசி குவார்ட்டரில் நாங்கள் கூடை போடவே முயலவில்லை. தவறவிட்டால் அவர்கள் வேகமாக ஓடிப்போய் இரண்டு புள்ளி எடுப்பார்கள், எங்களுக்கு இன்னும் இரண்டு ஓட்டம் சேரும். அதனால் பந்தை வைத்துக்கொண்டு, கூடை போட விதி தரும் 24 செகண்டும் கழிய விட்டோம். அவர் அதைப் பொறுமையான ஆட்டம் என்று நினைத்துப் பாராட்டினார்! இரண்டு பேருக்கு மேட்சுக்கு முதல் நாள் தவறாமல் கணுக்கால் சுளுக்கும். அடுத்த வருடம் பாதிப் பேர் வரவில்லை.

ஒரு வீராங்கனையின் அம்மா

என் மகள் அணியில் பெற்றோர் நெருக்கடிதான் பெரிய தலைவலி. நன்றாக ஆடும் ஐந்து பேரையே முழு மேட்சும் இறக்குங்கள் என்று சிலர் விடாமல் கேட்டார்கள். அந்த கோச் கோபப்படவே இல்லை. "அந்த அஞ்சு பேரையே விட்டாலும் தோக்கத்தான் போறோம்மா, கொஞ்சம் கம்மியா தோப்போம். ஆனா உக்காந்தே இருக்கற பிள்ளைங்க அடுத்த வருஷம் வராது. அப்ப யார வச்சு டீம் போடறது?" என்றார். அதோடு நிற்காமல், யார் எந்த குவார்ட்டரில் இறங்குவார்கள் என்பதை மேட்சுக்கு முன்பே பிள்ளைகளிடம் சொல்லிவிட ஆரம்பித்தார். கடைசி குவார்ட்டரில் உண்டு என்று தெரிந்த பிள்ளை பெஞ்சில் உட்கார்ந்து ஆட்டத்தைக் கவனிக்கும் விதமே வேறு.

எங்களுக்கு அவர் போட்ட கட்டளை ஒன்று: வீட்டுக்குப் போகிற வழியில் மேட்சைப் பற்றி நீங்களாக ஆரம்பிக்கக் கூடாது, பிள்ளை பேசினால் பேசலாம். வாயைக் கட்டிக்கொண்டு வண்டி ஓட்டுவது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது.

சிறுவர் அணி கோச்

பிள்ளைகள் அடுத்த வருடம் வராமல் போவதைப் பற்றி மேலே அம்மா சொன்னாரே, அந்த விஷயத்தில் ஆய்வே இருக்கிறது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஸ்மோலும் ஸ்மித்தும் சிறுவர் பேஸ்பால் கோச்சுகளில் ஒரு பகுதியினருக்கு மட்டும் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். முயற்சியைப் பாராட்டுவது, தவறு செய்தவனுக்கு முதலில் தெம்பு சொல்லி அப்புறம் திருத்திக் காட்டுவது, தண்டனையைத் தவிர்ப்பது, இவ்வளவுதான் அந்தப் பயிற்சி. 1992-ல் வெளிவந்த முடிவின்படி, பயிற்சி பெறாத கோச்சுகளிடம் ஆடிய சிறுவர்களில் 26 சதவீதம் பேர் அடுத்த வருடம் திரும்பி வரவில்லை. பயிற்சி பெற்றவர்களிடம் ஆடியவர்களில் வராதவர்கள் 5 சதவீதம்தான். வெற்றி தோல்விக் கணக்கில் இரு பக்கத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பேஸ்பால்தானே என்று தள்ளிவிடாதீர்கள், பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பத்து வயதுப் பையன் எல்லா விளையாட்டிலும் ஒரே பையன்தான்.

அதற்காக எந்நேரமும் தட்டிக்கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். யுசிஎல்ஏ என்ற அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்து கோச் ஜான் வுடன் (Wooden) பயிற்சி கொடுப்பதை 1974-75 சீசனில் இரண்டு ஆய்வாளர்கள் பக்கத்தில் உட்கார்ந்து குறிப்பெடுத்தார்கள். அவர் பேசியதில் பாதி, இதைச் செய், இப்படிச் செய் என்ற நேரடி விளக்கம். பாராட்டும் குறைவு, திட்டும் குறைவு. அது அவர் கோப்பை வென்ற சீசன் என்பது வேறு விஷயம். தோற்கிற சீசனில்தான் கோச்சுக்கு வாய் நீளும். எனக்கும் நீளும். ஆட்டம் கைவிட்டுப் போகப் போகச் சொல்லிக்கொடுப்பது குறையும், "என்னடா பண்றே?" மட்டும் கூடும். அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தால் பையன் அதைச் செய்திருக்க மாட்டானா?

பெரியவர்கள் கூத்து ஒன்று சொல்கிறேன். 2023-24 சீசனில் டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் என்ற அமெரிக்கத் தொழில்முறை அணி தொடர்ந்து 28 மேட்ச் தோற்றது. என் பசங்களும் அப்போது அடி மேல் அடி வாங்கிக்கொண்டிருந்தார்கள். பயிற்சிக்கு வந்ததும், "கோச், அவங்க நம்மளவிட மோசம், இன்னிக்கும் போச்சு" என்று ஒரே குஷி. அந்த அணி 14 வெற்றியோடு சீசனை முடித்தது. அடுத்த வருடம் கோச்சை மாற்றி, ஆட்களைச் சேர்த்து 44 வெற்றி எடுத்தது. எனக்கு அந்த வசதி இல்லை. அடுத்த வருடமும் இதே பசங்கள்தான், ஒரு வயது கூடியிருக்கும்.

ஏழு பேர் தடுக்கும் பயிற்சியை நான் திருடிக்கொள்கிறேன். ஆள் குறைவாக இருந்தால் நாலுக்கு ஆறு போதும். நானும் உதவி கோச்சும் தடுப்பில் நிற்போம்.

சும்மா படிக்க வந்தவன்

1891-ல் இந்த விளையாட்டைக் கண்டுபிடித்த நெய்ஸ்மித்தே கான்சாஸ் பல்கலைக்கழக கோச்சாக 55 வென்று 60 தோற்றவர். அங்கே வெற்றியைவிடத் தோல்வி அதிகம் வைத்திருக்கும் ஒரே கோச் அவர்தான். உங்கள் கோச்சுகளிடம் சொல்லுங்கள், கொஞ்சம் தெம்பாக இருப்பார்கள்.

விசில் பிடிப்பவன்

நான் ரெஃப்ரீ. இரண்டு பெஞ்சும் பேசுவது காதில் விழும். மோசமான கோச்சை எனக்குச் சீக்கிரம் அடையாளம் தெரிந்துவிடும்: அணி தோற்கத் தோற்க அவர் தன் பசங்களை விட்டுவிட்டு என்னோடு பேச ஆரம்பிப்பார்.

ஒரு சிறுவர் போட்டியில் அரைநேரத்திலேயே ஆட்டம் முடிந்த மாதிரிதான். வித்தியாசம் கூடினால் பிரஸ் போடக்கூடாது என்று பல இடங்களில் விதி உண்டு. அந்தப் போட்டியில் இல்லை. இருந்தும் முன்னிலையில் இருந்த அணியின் கோச்சுக்கே சங்கடமாகிவிட்டது. இடைவேளையில் டேபிள் பக்கம் வந்து, "சார், பிரஸ்ஸ எடுத்துடறேன்" என்று தோற்றுக்கொண்டிருந்த அணியின் கோச்சிடம் மெதுவாகச் சொன்னார்.

இவர் வேண்டாம் என்றுவிட்டார். "போடுங்க சார். பசங்க ரெண்டு வாரமா அத உடைக்கத்தான் பழகறாங்க. எடுத்துட்டா நான் எப்படிப் பாக்கறது?"

மூன்றாவது குவார்ட்டரில் உடைத்தார்கள், நாலாவதில் மறுபடி மாட்டிக்கொண்டார்கள். வித்தியாசம் இன்னும் ஏறியது. பெஞ்சில் யாரோ ஒரு பையன் மட்டும் ஏதோ எண்ணிக்கொண்டே இருந்தான், அது என்ன கணக்கு என்று இன்றைக்கு இங்கே படித்துத்தான் ஊகிக்கிறேன்.